சீட்டுல வைட்டமின் டி எழுதுற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு வணக்கம். சளிக்காய்ச்சலுக்கும் நுரையீரல் தொற்றுக்கும் என்னென்ன மருந்து குடுக்கலாம்னு நெறிமுறை எழுதுற குழுவுல இருக்கிறவங்களுக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நீங்க அந்தத் தாள்ல ஒரு வரி சேர்த்தா அது ஆயிரக்கணக்கான சீட்டுல போய் நிக்குது, அந்த சீட்டு கடைசியா என்னை மாதிரி ஆளுங்க கைக்குத்தான் வருது.

நான் ஒரு மருந்தாளுநர். 14 வருஷமா கவுன்ட்டர்ல நின்னு சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். வைரஸ் காய்ச்சல் பரவுற சீசன்ல வர்ற சீட்டு எப்படி இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிருவேன். பாரசிட்டமால், அலர்ஜிக்கு ஒரு மாத்திரை, இருமலுக்கு சிரப், ஜிங்க், வைட்டமின் சி, கடைசி வரியில 60,000 யூனிட் வைட்டமின் டி3. மத்த மருந்துக்கெல்லாம் 3 நாள், 5 நாள்னு போட்டிருக்கும், அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பாதி சீட்டுல நாளே போட்டிருக்காது. ரத்தத்துல டி எவ்வளவு இருக்குன்னு பார்த்தாங்களான்னு கேட்டா, இல்லைன்னுதான் பெரும்பாலும் பதில் வரும். ஏற்கனவே வேற டாக்டர் எழுதுன டி மாத்திரை வீட்ல ஓடிக்கிட்டு இருக்கான்னு கேட்டா அப்பதான் யோசிச்சு ஆமாம்பாங்க.

கொரோனா காலத்துலதான் இந்தக் கடைசி வரி இவ்வளவு பரவுச்சு. அப்ப யார் கையிலயும் எதுவும் இல்ல, என்ன குடுத்தாவது ஆளைக் காப்பாத்தணும்னு எல்லாரும் தவிச்ச நேரம் அது, அதுக்கு நான் யாரையும் குறை சொல்ல வரல, நானே என் வீட்டுக்கு வாங்கிட்டுப் போய் எல்லாருக்கும் குடுத்தவதான். ஆனா அதுக்கப்புறம் ஆய்வு வந்துச்சு, பெரிய பெரிய ஆய்வா வந்துச்சு, அதோட முடிவும் வந்துருச்சு, இருந்தும் சீட்டுல அந்த வரி மட்டும் அப்படியே நிக்குது. என் ஆதங்கம் அதுதான்.

ஆய்வுக்கு முன்னாடி எங்க வீட்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

எங்க சித்தப்பாவுக்கு 66 வயசு. பிபிக்கு மாத்திரை சாப்பிடுறவர், அதுல தயாசைடு வகை நீர் மாத்திரையும் ஒண்ணு. வைரஸ் காய்ச்சல் வந்து, காய்ச்சல் நாலு நாள்ல விட்டும் இருமலும் அசதியும் விடாம இருந்துச்சு. பார்த்த டாக்டர் வழக்கமான மருந்தோட 60,000 யூனிட் டி3யும் எழுதியிருக்காரு. வாரத்துக்கு ஒண்ணு, 8 வாரம்ங்கிறதுதான் அவர் மனசுல இருந்த கணக்கு. சீட்டுல என்ன இருந்துச்சுன்னா, வாரத்துக்கு ஒண்ணுன்னு குறிக்கிற ஆங்கிலச் சுருக்கெழுத்து, கோணல் கையெழுத்துல, மேல இருக்கிற மூணு மருந்துக்கும் போட்ட 1-0-0க்கு நேர் கீழ ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு. சித்தப்பா அதையும் காலையில ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டாரு. அட்டை தீர்ந்ததும் அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினாரு, கடையில குடுத்தாங்க, அதுவும் தீர்ந்து மறுபடி வாங்கினாரு, மறுபடியும் குடுத்தாங்க. இதை எழுதும்போது எனக்குத்தான் குத்துது, ஏன்னா அந்தக் கவுன்ட்டர்ல நின்னது என்னை மாதிரி ஒருத்தர்தான். அவங்களுக்கும் இது வைட்டமின், இவருக்கும் வைட்டமின், யாருமே நின்னு யோசிக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி சித்தி போன் பண்ணாங்க. "ஏம்மா, உங்க சித்தப்பா தண்ணி தண்ணின்னு குடிச்சுக்கிட்டே இருக்காரு, ராத்திரி அஞ்சாறு தடவை பாத்ரூம் போறாரு, சுகர் வந்திருச்சோன்னு பார்த்தா சுகர் நார்மல்னு வந்துருச்சு, சாப்பாடே இறங்க மாட்டேங்குது, வாந்தி, ஆறு நாளா வெளிக்கி போகல"ன்னு வரிசையா சொல்லிட்டு, கடைசியா குரலை இறக்கி, "நேத்து என்னை அவரோட அக்கா பேரைச் சொல்லி கூப்பிட்டாரும்மா"ன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தை கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. என்னென்ன மருந்து சாப்பிடுறாருன்னு எல்லா அட்டையையும் கட்டில் மேல பரப்பி வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க சித்தின்னேன். வந்த போட்டோவுல அந்த டி3 அட்டை மட்டும் ஏழெட்டு, எல்லாம் காலியா, ஒண்ணு மேல ஒண்ணா ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வச்சிருந்துச்சு. சித்தப்பா எதையும் தூக்கிப் போடாத மனுஷன்.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 62 மாத்திரை. 62ஐ 60,000ஆல பெருக்கினா 37,20,000 யூனிட். அவர் வயசுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும்னு சொல்றாங்க, அந்தக் கணக்குல பார்த்தா 17 வருஷத்துக்கான டி, ரெண்டு மாசத்துல உள்ள போயிருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் கால்சியம் பார்த்தாங்க, 14.1. சாதாரணமா பத்தரைக்குள்ள இருக்கணும். சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் 2.6, அதுவும் அதிகம். டி அளவு 150 நானோகிராமைத் தாண்டிருச்சு, அதுக்கு மேல அந்த மெஷின் நம்பர் காட்டல. சலைன் ஏத்தினாங்க, நீர் மாத்திரையை நிறுத்தினாங்க, ஏன்னா தயாசைடு வகை மாத்திரை சிறுநீர்ல போக வேண்டிய கால்சியத்தையும் உடம்புக்குள்ளயே பிடிச்சு வச்சுக்கும், ஏற்கனவே ஏறியிருக்கிற கால்சியம் இன்னும் ஏறும். ஸ்டீராய்டு குடுத்தாங்க, எலும்புல இருந்து கால்சியம் கரைஞ்சு வராம இருக்க ஒரு ஊசியும் போட்டாங்க. 11 நாள் உள்ள இருந்தாரு. கால்சியம் இறங்கி வீட்டுக்கு வந்ததுக்கப்புறமும் மறுபடி ஏறுதான்னு மாசக்கணக்கா டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்க வேண்டியதாப் போச்சு. டி கொழுப்புல கரையுற சாமான், ஒரு தடவை கொழுப்புல போய் உட்கார்ந்துட்டா சட்டுனு வெளிய வராது. அதிகமா குடிச்ச வைட்டமின் சி மறுநாளே சிறுநீர்ல போயிரும்னு சொல்ற மாதிரி இதைச் சொல்ல முடியாது.

இது மாத்திரையைத் தப்பா சாப்பிட்டதால வந்த வினை, வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நீங்க சொல்லலாம். உண்மைதான். 8 வாரத்துக்கு 8 மாத்திரைன்னா பெரும்பாலானவங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனா நான் கேக்குறது அதுக்கும் முந்தின கேள்வி. சித்தப்பாவுக்கு அந்த இருமலுக்கு அந்த மாத்திரை எதுக்கு?

டி மேல இந்த நம்பிக்கை ஏன் வந்துச்சுன்னு எனக்குப் புரியாம இல்ல. படிச்சப்ப நானே அசந்து போயிருக்கேன். வெயில்ல இருக்கிற புற ஊதா பி கதிர் தோல்ல பட்டா அங்க இருக்கிற ஒரு கொலஸ்ட்ரால் வகைப் பொருள் டி3யா மாறுது, கல்லீரல் அதை ஒரு படி மாத்துது, சிறுநீரகம் இன்னொரு படி மாத்துது, அப்பதான் அது வேலை செய்யுற ஹார்மோன். எலும்புக்குத்தான் இதுன்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தாங்க. அப்புறம் பார்த்தா நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்களுக்கே அந்தக் கடைசிப் படியைச் செய்யத் தெரியும்னு கண்டுபிடிச்சாங்க. கிருமி வந்திருக்குன்னு தெரிஞ்சதும் மேக்ரோஃபேஜ்ங்கிற கிருமியை விழுங்குற செல் தனக்குத் தேவையான டியைத் தானே தயார் பண்ணி, அதை வச்சு கேத்தலிசிடின்னு ஒரு கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குது, 2006ல சயின்ஸ் இதழ்ல வந்த பெரிய கண்டுபிடிப்பு இது. டி குறைஞ்சு எலும்பு வளையுற ரிக்கெட்ஸ் நோய் வந்த குழந்தைங்களுக்கு நிமோனியாவும் அடிக்கடி வருதுன்னு அந்தக் காலத்து டாக்டர்களே கவனிச்சிருக்காங்க. 19ஆம் நூற்றாண்டுல காசநோய்க்கு மீன் ஈரல் எண்ணெய் குடுத்திருக்காங்க, 1903ல நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைச்சதே தோல் காசநோயை ஒளியால குணப்படுத்துனதுக்குத்தான். இவ்வளவும் இருக்கும்போது, வைரஸ் நுரையீரலைத் தாக்கும்போது டி குடுத்தா உதவும்னு நினைக்கிறது நியாயமான நினைப்புதான்.

அதோட இன்னொண்ணும் சேர்ந்துச்சு. கொரோனாவுல சீரியஸா படுத்தவங்க ரத்தத்தைப் பார்த்தா டி குறைவா இருந்துச்சு, ரொம்ப முடியாதவங்களுக்கு ரொம்பக் குறைவா. உடனே டி குறைஞ்சதாலதான் நோய் முத்துச்சுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. ஆனா உடம்புல அழற்சி ஏறினாலே ரத்தத்துல டி அளவு இறங்கும்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. முழங்கால் மாத்து ஆபரேஷன் பண்ணவங்களை ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்து பார்த்திருக்காங்க, ரெண்டு மூணு நாளைக்குள்ள டி கிட்டத்தட்ட 40% இறங்கியிருக்கு, அவங்க யாரும் அந்த ரெண்டு நாள்ல வெயில் படாம போனதால இறங்கல. அப்புறம் வயசானவங்க, உடம்பு பருத்தவங்க, சுகர் இருக்கிறவங்க, வெளிய நடமாட முடியாம வீட்லயே இருக்கிறவங்க, இவங்களுக்கு எப்பவுமே டி குறைவுதான், இவங்களுக்குத்தான் வைரஸ் நோயும் முத்தும். அதனால காய்ச்சலோட படுத்திருக்கிற ஆளுக்கு ரத்தம் எடுத்து, டி 14ன்னு குறைவா வந்துச்சு, அதான் இவ்வளவு முடியலன்னு சொல்றது பல நேரம் வண்டியை மாட்டுக்கு முன்னாடி கட்டுற கதை.

சரி, குடுத்துப் பார்த்தாங்களான்னா, பார்த்தாங்க. பிரேசில்ல 240 பேர், எல்லாரும் கொரோனாவுல ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க. பாதிப் பேருக்கு ஒரே வேளையில 2,00,000 யூனிட் டி3, மீதிப் பேருக்கு டி இல்லாத போலி மருந்து, யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. 2021ல ஜாமாங்கிற மருத்துவ இதழ்ல முடிவு வந்துச்சு. எனக்கு இந்த ஆய்வு முக்கியம், ஏன்னா இதுல மருந்து உடம்புல ஏறலன்னு சாக்கு சொல்ல முடியாது. டி குடுத்தவங்களுக்கு ரத்த அளவு சராசரியா 21ல இருந்து 44க்கு ஏறியிருக்கு, நல்லாவே ஏறியிருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில இருந்த நாள் ரெண்டு பக்கமும் நடுமதிப்பு 7 நாள்தான். ஐசியுவுக்குப் போனது, வென்டிலேட்டர் வச்சது, இறந்தது எதுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. லேப் ரிப்போர்ட் நல்லாச்சு, ஆளு அப்படியேதான் இருந்தாரு.

கொரோனாவுக்கு முன்னாடியே ஐசியுவுல இதைப் பார்த்துட்டாங்க. 2019ல என்இஜேஎம்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த அமெரிக்க ஆய்வுல, டி குறைவா இருக்கிற தீவிர நோயாளிங்க ஆயிரத்துக்கு மேற்பட்டவங்களை எடுத்து, பாதிப் பேருக்கு ஒரே தடவையா 5,40,000 யூனிட் குடுத்துப் பார்த்தாங்க. 90 நாள் கழிச்சுப் பார்த்தா இறப்பு குறையல.

நீங்க உடனே ஸ்பெயின் ஆய்வைச் சொல்வீங்க, எனக்குத் தெரியும், 2020ல அதை வாட்ஸாப்ல எனக்கு அனுப்பாத ஆளே இல்ல. கோர்டோபாவுல 76 பேர். 50 பேருக்கு கால்சிஃபீடியால் குடுத்ததுல ஒருத்தர்தான் ஐசியுவுக்குப் போனாரு, குடுக்காத 26 பேர்ல 13 பேர் போனாங்க. கேக்கவே அதிசயமா இருக்கும். ஆனா ஆளு ரொம்பக் கம்மி, போலி மருந்து குடுத்து ஒப்பிடல, யாருக்கு மருந்து போகுதுன்னு டாக்டர்களுக்குத் தெரியும். இன்னும் முக்கியமா, கால்சிஃபீடியால்ங்கிறது கல்லீரல் செய்ய வேண்டிய படியை ஏற்கனவே முடிச்ச பொருள், நீங்க சீட்டுல எழுதுற டி3 அது இல்ல. ஒரு மருந்துக்கு வந்த முடிவை வச்சு வேற மருந்தை எழுதுறது எங்க படிப்புல மொதல் வருஷமே கூடாதுன்னு சொல்லித்தந்தது.

பிரான்ஸ்ல இருந்து ஒண்ணு வந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லணும். 254 முதியவங்களுக்கு, கொரோனா உறுதியானதும் சில நாளுக்குள்ள, ஒரு பக்கம் 4,00,000 யூனிட், இன்னொரு பக்கம் 50,000 யூனிட். 14ஆவது நாள்ல பார்த்தா அதிக டோஸ் பக்கம் இறப்பு குறைவு. 28ஆவது நாள்ல பார்த்தா அந்த வித்தியாசம் நிக்கல. இதை வச்சு இன்னொரு நல்ல ஆய்வு பண்ணலாம், தப்பில்ல. ஆனா இதை வச்சு காய்ச்சல்னு வர்ற 30 வயசு ஆளுக்கெல்லாம் 60,000 எழுத முடியுமா?

நோய் வந்தப்புறம் குடுக்கிறது ஒண்ணு, வராம இருக்க முன்கூட்டியே குடுக்கிறது இன்னொண்ணு, இந்த ரெண்டையும் சீட்டு எழுதுறப்ப கலந்துடறீங்கன்னுதான் எனக்குத் தோணுது. முன்கூட்டியே குடுக்கிற விஷயத்துல கதை கொஞ்சம் வேற. 2017ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல ஏட்ரியன் மார்டினோங்கிற ஆய்வாளரோட குழு 25 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 11,000 பேரோட தனித்தனி விவரங்களோட சேர்த்துப் பார்த்தாங்க. மூச்சுத் தொற்று கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. யாருக்குன்னு பிரிச்சுப் பார்த்தப்பதான் விஷயமே இருந்துச்சு. தினமும் இல்லன்னா வாரம் ஒரு தடவைன்னு சீரா எடுத்துக்கிட்டவங்களுக்குப் பலன் தெரிஞ்சுது, அதுலயும் ரத்த அளவு 10 நானோகிராமுக்குக் கீழ இருந்தவங்களுக்கு ரொம்ப நல்லாவே தெரிஞ்சுது. மாசத்துக்கு ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு மொத்தமா குடுத்த பெரிய டோஸ்ல பலன் இல்ல. அதே குழு 2021ல 43 ஆய்வு, 48,488 பேர்னு இன்னும் பெரிசா பார்த்தப்ப, டி எடுத்தவங்கள்ல 61.3% பேருக்குத் தொற்று, எடுக்காதவங்கள்ல 62.3% பேருக்கு. ஒரு சதவீதம்தான் வித்தியாசம். 2025ல 64,000க்கும் மேற்பட்டவங்களை வச்சு மறுபடி கணக்குப் போட்டப்ப அந்தச் சின்ன பலனும் தற்செயல்னு சொல்லிடக்கூடிய அளவுக்கு ஆயிருச்சு. இதுல நான் மதிக்கிறது என்னன்னா, பலன் இருக்குன்னு மொதல்ல சொன்ன அதே ஆளுங்கதான் புது ஆய்வெல்லாம் சேர்த்து, நாங்க சொன்னது கரைஞ்சு போச்சுன்னு அவங்களே வெளியிட்டாங்க. நம்ம சீட்டும் அதோட மாறணும் இல்லையா?

நடுவுல இங்கிலாந்துல 6,200 பேரை வச்சு, பாதிப் பேருக்கு டி டெஸ்ட் பண்ணி, குறைவா இருந்தவங்களுக்கு தினமும் 800 இல்லன்னா 3,200 யூனிட் குடுத்து ஆறு மாசம் பார்த்தாங்க, நார்வேல 34,000க்கும் மேற்பட்டவங்களை வச்சு, பாதிப் பேருக்கு தினமும் டி இருக்கிற காட் மீன் ஈரல் எண்ணெய் குடுத்துப் பார்த்தாங்க, 2022ல ரெண்டும் பிஎம்ஜேல வந்துச்சு, ரெண்டுலயும் கொரோனாவோ மத்த மூச்சுத் தொற்றோ குறையல. ஆஸ்திரேலியாவுல 21,000 பேர்ல பாதிப் பேருக்கு மாசம் ஒரு தடவை 60,000 யூனிட், நம்ம எழுதுற அதே டோஸ், வருஷக்கணக்கா குடுத்தாங்க, மூச்சுத் தொற்று வர்றது அதுலயும் குறையல.

இதுக்காக டியே வேணாம்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்கிட்டா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கட்டாயம் வேணும், அதை மறந்துட்டு வர்ற அம்மாக்களை நானே நிறுத்தி டாக்டர்கிட்ட கேட்டீங்களான்னு கேட்டு அனுப்புறேன். வெளிய போக முடியாத முதியவங்க, வலிப்பு மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிடுறவங்க, ஸ்டீராய்டுல இருக்கிறவங்க, குடல்ல சத்து ஏறாதவங்க, எலும்பு வலியோட மாடி ஏற முடியாம வர்றவங்க, இவங்களுக்கு டி மருந்துதான், குடுத்தே ஆகணும். சிஓபிடிங்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கிறவங்களைப் பத்தி 2019ல தோராக்ஸ் இதழ்ல வந்ததைப் பாருங்க, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தா பலன் இல்ல, ஆனா ரத்த அளவு 10க்குக் கீழ இருந்தவங்களுக்கு நோய் முத்தி மூச்சுத் திணறுறது கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு. 2024ல எண்டோகிரைன் சொசைட்டிங்கிற ஹார்மோன் மருத்துவ நிபுணர்கள் சங்கம் போட்ட வழிகாட்டுதல்லயும் 1ல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ரிக்கெட்ஸைத் தடுக்கவும் மூச்சுத் தொற்று ஆபத்தைக் குறைக்க வாய்ப்பிருக்குன்னும் டி சொல்லியிருக்காங்க, 75 வயசு தாண்டினவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சொல்லியிருக்காங்க. அதே வழிகாட்டுதல்ல, ஒரு குறையும் இல்லாதவங்களுக்கு சும்மா ரத்தம் எடுத்து டி பார்க்காதீங்கன்னும், டி தேவைப்படுற 50 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு விட்டு விட்டுக் குடுக்கிற பெரிய டோஸை விட தினசரி சின்ன டோஸ் நல்லதுன்னும் சொல்லியிருக்காங்க.

அதனால என் மொதல் வேண்டுகோள் இதுதான். காய்ச்சல் இருமல்னு வர்றவங்க சீட்டுல டி எழுதுறதுக்கு முன்னாடி, இந்த ஆளுக்கு டி குறைபாடு இருக்கிறதாலயா எழுதுறேன், இல்ல வைரஸுக்காகவான்னு ஒரு நிமிஷம் உங்களையே கேட்டுக்கங்க. குறைபாட்டுக்குன்னா தாராளமா எழுதுங்க, ஆனா எதுக்குன்னு அந்த ஆளுகிட்டயும் சொல்லுங்க. இது உங்க எலும்புக்கு, சளிக்கு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா, சளி விடலியேன்னு இன்னும் நாலு அட்டை வாங்கிச் சாப்பிட மாட்டாங்க. சித்தப்பா ஏன் நிறுத்தலன்னு பின்னாடி கேட்டப்ப அவர் சொன்னது, "இருமல் நிக்கலியேம்மா, நிக்கிற வரைக்கும் சாப்பிடலாம்னு இருந்தேன்." அவர் தன் பாட்டுக்கு சரியாத்தான் யோசிச்சிருக்காரு.

ரெண்டாவது, வாரத்துக்கு ஒண்ணுன்னா எழுத்துல எழுதுங்க, நோயாளிக்குத் தெரிஞ்ச பாஷையில. என்னைக்கின்னு ஒரு கிழமையும் போடுங்க. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒண்ணு, மொத்தம் 8, அதோட நிறுத்தவும்." இவ்வளவுதான். இதை எழுத பத்து செகண்ட் ஆகுமா? கியூவுல அறுபது பேர் நிக்கும்போது பத்து செகண்டும் பெரிசுதான்னு எனக்குத் தெரியும், நானும் அதே கியூவோட இந்தப் பக்கத்துலதான் நிக்கிறேன். ஆனா கிழமை போட்ட சீட்டு என் கைக்கு வந்தா நான் அட்டையிலயே பேனாவால ஞாயிறுன்னு எழுதிக் குடுத்துருவேன். வெறும் சுருக்கெழுத்து வந்தா நான் ஊகிக்கணும், வீட்டுக்குப் போய் அவங்களும் ஊகிக்கணும்.

குழந்தைங்க சொட்டு மருந்துல இதை விட பயம். ஒரு பாட்டில்ல ஒரு மில்லிக்கு 400 யூனிட், இன்னொரு பாட்டில்ல ஒரு மில்லிக்கு 800, வேற ஒண்ணுல ஒரே சொட்டுல 400. சிலதுல யூனிட்னு போட மாட்டாங்க, மைக்ரோகிராம்னு போட்டிருப்பாங்க, ஒரு மைக்ரோகிராம்னா 40 யூனிட்னு எத்தனை அம்மா அப்பாவுக்குத் தெரியும்? அந்த பாட்டிலோட வந்த டிராப்பர் உடைஞ்சா வேற மருந்தோட டிராப்பரை எடுத்துப் போடுவாங்க. 2010லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த டிராப்பரைப் பத்தி தனியா எச்சரிக்கை குடுத்திருக்கு. குழந்தைக்கு எழுதும்போது ஒரு மில்லியா, அரை மில்லியா, ஒரு சொட்டான்னு எந்த பாட்டில்னு சேர்த்து எழுதுங்க.

மூணாவது, கூட என்ன மருந்து ஓடுதுன்னு கேளுங்க. தயாசைடு பத்தி சொன்னேன். இதயத்துக்கு டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு கால்சியம் ஏறினா இதயத்துடிப்பு தாறுமாறாகும். நுரையீரல் மாதிரி உறுப்புகள்ல அழற்சி முடிச்சு வர்ற சார்காய்டோசிஸ் நோய் இருக்கிறவங்க, காசநோய் இருக்கிறவங்க, இவங்களுக்குச் சாதாரண டோஸ்லயே கால்சியம் ஏற வாய்ப்பிருக்கு, ஏன்னா மொதல்ல சொன்னேன் பாருங்க, மேக்ரோஃபேஜ் தானே டியைத் தயார் பண்ணிக்கும்னு, இந்த ரெண்டு நோய்லயும் அதே வேலை கட்டுப்பாடு இல்லாம நடக்கலாம். நாள்பட்ட இருமலோட வர்ற ஆளுக்கு அது சளியா காசநோயான்னு தெரியுறதுக்கு முன்னாடியே பெரிய டோஸ் டி எழுதுறது எனக்கு உறுத்தலா இருக்கு.

பெரிய டோஸ் எல்லாருக்கும் சாதுன்னு நினைக்கவும் வேணாம். 2010ல ஜாமாவுல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுல, 2,256 வயசான பெண்கள், அதுல பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவை 5,00,000 யூனிட். விழுறதும் எலும்பு முறியுறதும் குறையும்னு நினைச்சுக் குடுத்தாங்க. போலி மருந்து எடுத்தவங்களை விட டி எடுத்தவங்கதான் அதிகமா விழுந்தாங்க, அதிகமா எலும்பு முறிஞ்சாங்க. எலும்புக்குன்னே இருக்கிற மருந்துலயே இப்படி.

நெறிமுறை எழுதுற குழுவுக்குத் தனியா ஒண்ணு. வைரஸ் சுவாசத் தொற்றுக்கான தாள்ல டி வரி இன்னும் இருந்தா எடுத்துருங்க, இல்லன்னா சிகிச்சைக்காக இல்ல, குறைபாடு உறுதியானவங்களுக்கு மட்டும்னு தெளிவா பிரிச்சு எழுதுங்க. இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் எழுதுற நைஸ் அமைப்பு 2020 டிசம்பர்லயே, கொரோனாவுக்குன்னு மட்டும் டி குடுக்காதீங்க, ஆய்வுக்குள்ளன்னா குடுங்கன்னு எழுதிட்டு, அதே மூச்சுல எலும்புக்கும் தசைக்கும் எல்லாரும் எடுக்க வேண்டிய டி வேற விஷயம், அதை விட்டுடாதீங்கன்னும் எழுதுனாங்க. அந்த மாதிரி ரெண்டையும் சேர்த்துச் சொன்னாதான் வேணுங்கிறவங்களுக்குக் கிடைக்கும், வேணாதவங்களுக்குப் போகாது. நோய் வந்தப்ப எழுதிச் சேர்த்த வரியை யாராவது ஒரு நாள் உட்கார்ந்து அடிக்கணும், தானா அழியாது. பெரிய டோஸை மறுபடி மறுபடி அதே சீட்டுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்க. வைட்டமின்னு சொல்லிட்டா கடையில தடுத்து நிறுத்த எங்களுக்கு ஒரு பிடி இல்லாம போயிருது, நான் தரமாட்டேன்னா அடுத்த கடைக்குப் போறாங்க.

நான் இப்ப என் கவுன்ட்டர்ல செய்யுறதையும் சொல்லிடறேன். 60,000 யூனிட் யார் வாங்கினாலும் கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு கேக்குறேன். சீட்டுல நாள் போடலைன்னா எழுதுன டாக்டருக்கு போன் போடுறேன். சில டாக்டர்கள் சலிச்சுக்குறாங்க, சில பேர் நல்ல வேளை கேட்டீங்கன்னு சொல்றாங்க, போன மாசம் ஒரு டாக்டரம்மா, இந்த ஆளுக்கு வேணாம், அடிச்சிருங்கன்னு போன்லயே சொன்னாங்க. வாங்க வந்தவர் ஒரு நிமிஷம் என்னை முறைச்சுப் பார்த்துட்டு, அப்ப இருமல் சிரப் மட்டும் குடுங்கன்னு வாங்கிட்டுப் போனாரு.

சித்தப்பா இப்ப நல்லா இருக்காரு. கிரியேட்டினின் 1.5ல நின்னுருச்சு, அதுக்குக் கீழ வரல, பழையபடி வருமான்னு கேட்டா டாக்டர் பார்ப்போம்னு சொல்றாரு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் குடுக்கப் போறாரு. அந்த இருமல், நாங்க ஆஸ்பத்திரியில சேர்க்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தானா நின்னு போச்சுன்னு சித்தி சொன்னாங்க.

இப்படிக்கு,
கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஒரு மருந்தாளுநர்